பிள்ளைக்கு முழங்கால் மடங்காது

எங்கள் பக்கத்தில் பொம்மையைப் பாவைப்பிள்ளை என்போம். ஒரு வீடியோவில் நாற்பது தடவை சொல்லவேண்டியவனுக்கு அது நீளமான சொல். ஆகவே நான் பாவையை வெட்டிவிட்டுப் பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்தச் சிக்கனம்தான் என் மகளின் கலியாணத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கவிழ்க்கப் பார்த்தது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பகலில் கணித ஆசிரியன். பாடசாலை விறாந்தையில் நான் நடந்துவந்தால் பெடியள் மேற்சட்டைப் பொத்தானைப் பூட்டுவார்கள். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணிக் கையுறை மாட்டிக்கொண்டு, பதினொரு அங்குல உயரமுள்ள இளவரசி ஒருத்தியின் பாவாடைச் சுருக்குகளை எண்ணுகிறான் என்பது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் தினமும் யோசித்தேன்.

தொடங்கியது மகளால். அவளுடைய பத்தாவது பிறந்தநாளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒன்று வாங்கிவந்தேன். "அப்பா, நான் இப்ப பெரிய ஆள்" என்று திருப்பித் தந்துவிட்டாள். கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான் என்று மனைவியிடம் சொன்னேன். கடைக்காரனிடம் நான் கேட்கவேயில்லை. அது ஒரு கடற்கன்னியின் மகள். தேவதைக் கதைகளில் வரும் இளவரசிகள், பூதங்கள், தவளையாகிப்போன ராசகுமாரர்கள் எல்லோருக்கும் பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகள் இந்தக் காலத்து நாகரிக உடுப்புப் போட்டால் எப்படி இருக்கும் என்று யாரோ யோசித்துச் செய்த பாவைகள் இவை. இப்போது என்னிடம் முப்பத்தேழு இருக்கின்றன. பெரும்பாலானவை கனடாவில் இருக்கும் மைத்துனர் அனுப்பியவை. அவர் பெட்டியின் மேல் "பாடசாலை உபகரணம்" என்று எழுதுவார். நல்ல மனுசன்.

இந்தப் பாவைகளைப் பற்றி நான் இணையத்தில் போடும் விமர்சன வீடியோக்களில் என் கைகளும் குரலும் மட்டும்தான். பார்ப்பவர்கள் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எங்கள் சனத்தின் சின்னப் பிள்ளைகளும், அவர்களுடன் சேர்ந்து பார்ப்பதாகச் சொல்லித் தனியே பார்க்கும் தாய்மாரும். ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் பேச்சில் பெற்ற மகளும் அஃறிணைதான். "பிள்ளை படிக்குது, பிள்ளை வேலைக்குப் போட்டுது" என்போம். பாசம் கூடக்கூட 'ஆள்' விகுதி கழன்று 'அது' வந்துவிடும். பாவைக்கும் அதே 'அது'. எது மகள், எது பாவை என்று காட்டிக்கொடுக்க இலக்கணத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பூட்டிய அறை தேவைப்பட்டது.

மகளுக்கு இருபத்தாறு வயது. தன்னோடு வேலைசெய்யும் ஒரு பொடியனை விரும்பினாள். பொடியனும் அப்படியே. இடையில் ஒரே ஒரு வேலி, பொடியனின் தாய். "அவரின்ரை அம்மா ஓம் எண்டால்தான், அப்பா. அவர் அம்மாவை மீறமாட்டார். நானும் மீறச்சொல்லிக் கேக்கமாட்டன்" என்று மகள் சொல்லியிருந்தாள். அந்தத் தாயும் தகப்பனும் சாவகச்சேரியிலிருந்து தெல்லிப்பழைக்கு, எங்கள் வீட்டுக்கு, அந்த ஞாயிறு வருவதாக ஏற்பாடு. ஞாயிற்றில் நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். ஆகவே ஆறரைக்கு வருவார்கள் என்று நாங்கள் கணக்குப் போட்டோம்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஒருநாள் உந்த விளையாட்டை விடுங்கோ. சுன்னாகத்துக்குப் போய் வாழைப்பழம் வாங்கியாங்கோ" என்றாள் மனைவி.

"வெளிக்கிடுறன்" என்றேன். வெளிக்கிட்டேன்தான். போகிற வழியில் சாமான் அறை இருந்தது.

சாமான் அறை என்பது விதை வெங்காயப் பிடிகளைக் கட்டித் தொங்கவிடும் அறை. வெங்காயத்துக்குக் கீழே என் கண்ணாடி அலுமாரி. அந்த அறைக்கு மேற்குப் பக்கமாக ஒரு யன்னல். நாலு மணிக்கு அதனூடாக விழும் வெயிலுக்கு ஈடான வெளிச்சம் வேறு எங்கும் கிடையாது. முதல்நாள்தான் புதிதாக ஒன்று வந்திருந்தது, சூனியக்காரியின் மூத்த மகள். பத்து நிமிட வேலை. ராகுகாலம் தொடங்க முதல் முடித்துவிட்டுச் சைக்கிளை எடுக்கலாம். கதவைச் சாத்தினேன். இயர்போனைக் காதில் செருகினேன். அதன் வயரில் இருக்கும் மைக்கில்தான் என் குரல் பதியும்.

சாவகச்சேரிக்காரருக்கும் ராகுகாலம் தெரியும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அவர்கள் அது தொடங்க முதல் படியேறுவோம் என்று முடிவுசெய்து, நாலேகாலுக்கே வந்து இறங்கிவிட்டார்கள். மனைவி பதறிப்போய் முற்றத்தைப் பார்த்திருக்கிறாள், என்னைக் காணவில்லை. நான் சந்தைக்குப் போய்விட்டேன் என்று நம்பி, வந்தவர்களின் கண்ணில் பாவைகள் படக்கூடாது என்று ஓடிவந்து சாமான் அறைக் கதவின் வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். காதை அடைத்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் அப்போது உற்சாகமாக ஆரம்பித்திருந்தேன்.

"வணக்கம். இண்டைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளையைக் காட்டப்போறன். பிள்ளை வடிவு, அதிலை பிழை சொல்லேலாது. தாய் ஒரு சூனியக்காரி எண்டது எல்லாருக்கும் தெரியும். தாயின்ரை பார்வை அப்பிடியே பிள்ளைக்கும் வந்திருக்கு. ஆனால் முடியைப் பாருங்கோ. சுத்திவரத்தான் முடி. உச்சியை வகிர்ந்து பாத்தால் உள்ளுக்கை ஒண்டுமில்லை, வெறும் மண்டை. முழங்கால் மடங்காது. இருத்தினால் சரிஞ்சு விழுந்திடும். கழுத்தும் கொஞ்சம் லூஸ். வெயிலிலை விட்டால் நிறம் மங்கிப்போம். நான் இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுறனான். விருப்பமில்லாட்டில் பதினாலு நாளுக்குள்ளை திருப்பி அனுப்பலாம்."

இயர்போனைக் கழற்றினேன். முன்னறையான கோலில் ஒரு கரண்டி பீங்கானில் பட்டு ஒலித்தது.

"தங்கச்சி, உள்ளுக்கை ஆரோ கதைக்கினம் போலை?" என்றது ஒரு புதுப் பெண்குரல்.

"அது… றேடியோ" என்றாள் மனைவி. குரலைக் கேட்டதுமே நான்தான் என்று அவளுக்குப் பிடிபட்டிருக்கும். ஆனாலும் அப்போது ஒன்றும் செய்வதற்கில்லை.

"றேடியோவிலை உப்பிடியும் கலியாணப் பேச்சுப் போகுதோ? மாஸ்டர் எங்கை?"

"சந்தைக்குப் போட்டார். இப்ப வந்திடுவார்."

நான் கதவை மெல்லத் தள்ளினேன். அசையவில்லை. மனைவியின் சொற்படி நான் சந்தையில் இருந்தேன். சந்தையில் இருப்பவன் சாமான் அறைக்குள்ளிருந்து எப்படி வெளியே வருவது? கத்தினால் மனைவி பொய்க்காரி. கத்தாமல் விட்டால் மகள் மொட்டைத்தலை. தரவைத் தராமல் விடையைக் கேட்கும் கணக்கைக் கண்டதுபோல என் மூளை நின்றுவிட்டது.

யன்னலால் இறங்கப் பார்த்தேன். குறுக்குக் கம்பிகளுக்கு இடையில் தலையைக் கொடுத்துப் பார்த்தேன். காதுவரை போனது. அதற்குமேல் போகவில்லை, திரும்பி வரவும் யோசித்தது. வெளியே பக்கத்து வீட்டு ஆடு ஒன்று வேலியில் கிளுவை இலை தின்றபடி என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். எங்கள் இருவரில் யார் கட்டப்பட்டிருக்கிறார் என்பதில் ஆட்டுக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு காதைக் கம்பிக்கு ஓரளவு தானம் செய்துவிட்டுத் தலையை மீட்டேன். அலுமாரிக்குள் முப்பத்தாறு முகங்கள் வாய்மூடிச் சிரித்தன. அவற்றுக்கு அது மட்டும்தான் தெரியும்.

கோலுக்குள் மகள் தேநீர் கொண்டுவரும் சத்தம் கேட்டது.

"வாங்கோ பிள்ளை, கிட்ட வாங்கோ" என்றார் பொடியனின் தாய். "அடடா, கரண்டி விழுந்திட்டுது. ஒருக்கா எடுத்துத் தாறியளே?"

மகள் குனிந்து எடுத்துக் கொடுத்திருக்கவேண்டும். சற்று நேரத்தில் கைக்குட்டையின் முறை. "என்ரை லேஞ்சியும் விழுந்திட்டுது."

பிறகு அவருடைய கைப்பை விழுந்தது.

"களைச்சுப்போனியளோ அன்ரி? எல்லாம் கையாலை நழுவுது" என்றாள் மகள், சிரித்துக்கொண்டு. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அந்த மனுசி முழங்காலைச் சோதிக்கிறார்.

"தலையிலை பூ இல்லாமல் இருக்கிறியள். இந்த மல்லிகையைக் கொஞ்சம் வச்சுவிடட்டே?"

உச்சியும் சோதனைக்கு வந்துவிட்டது. அறைக்குள் நான் என் உச்சியைத் தடவினேன். உண்மையில் அந்த வீட்டில் வெறும் மண்டை உள்ள ஒரே ஆள் நான்தான்.

பிறகு பொடியனின் தாய் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல்தான் கதவுக்குள் நன்றாக வந்தது.

"தங்கச்சி, கேட்டால் கோவிக்கக்கூடாது. பிள்ளைக்கு ஏதும் நோய், வருத்தம் கிருத்தம் வந்து மறைச்சு வச்சிருக்கிறியளோ? கழுத்திலை ஏதும்…"

தேநீர்த் தட்டு மேசையில் வைக்கப்பட்டது, கொஞ்சம் பலமாக. மகளின் காலடி குசினிப் பக்கம் வேகமாகப் போனது. அந்தக் காலடியை எனக்குத் தெரியும். அழுவதற்கு முன் அவள் அப்படித்தான் நடப்பாள்.

"இப்ப ராகுகாலம்" என்றார் பொடியனின் தாய். "ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லையெண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடவும் ஏலாது. ஆறு கழியட்டும். சொல்லிப்போட்டுப் போறம்."

அந்தக் குரலில் 'ஓம்' இருக்கவில்லை. கைபேசியைப் பார்த்தேன். ஐந்தே பத்து. அவர்கள் கோலில் ஆறு மணிவரை அடைபட்டிருந்தார்கள், நான் அறையில் அடைபட்டிருந்தேன், மகளின் கலியாணம் இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்றது. இருபது நிமிடம் நான் ஒன்றும் செய்யவில்லை. அதை இங்கே மறைத்து வீரனாகலாம். ஆனால் உண்மை அதுதான். வெங்காயப் பிடிகளுக்குக் கீழே உட்கார்ந்து, திங்கட்கிழமை பத்தாம் வகுப்புக்குள் எப்படி நுழைவேன் என்று யோசித்தேன். மகளைப் பற்றி யோசிக்கவேண்டிய நேரத்தில் பத்தாம் வகுப்பைப் பற்றி யோசித்தேன். பிறகு குசினியில் குழாய் நெடுநேரம் ஓடியது. ஒருவரும் ஒன்றும் கழுவவில்லை, தண்ணீர் மட்டும் ஓடியது.

எழுந்து கதவைத் தட்டினேன்.

"பூனை" என்றாள் மனைவி உடனே.

திரும்பவும் மூன்று தரம் தட்டினேன்.

"பூனை மூண்டு தரம் எண்ணித் தட்டுமோ?" என்றது பொடியனின் தகப்பனின் குரல். அதுதான் அவர் முதன்முறை வாய்திறந்தது.

"அக்கா, பூனையில்லை. நான்தான், பிள்ளையின்ரை தேப்பன்" என்றேன்.

"சந்தைக்குப் போனனீங்கள் எண்டு தங்கச்சி சொன்னா?"

"வெளிக்கிட்டனான். கதவு விடேல்லை."

தாழ்ப்பாளை இழுத்தது பொடியனின் தாயேதான். கதவு திறந்தபோது அவர் கண்டது: சாரமும் பெனியனும் அணிந்த, ஒரு காது சிவந்த, கையுறை போட்ட ஒரு கணித ஆசிரியன், அவன் கையில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பாவை, அவனுக்குப் பின்னால் கண்ணாடிக்குள் மீதிக் குடும்பம்.

"நீங்கள் கேட்டதெல்லாம் உதைப் பற்றித்தான்" என்று பாவையை நீட்டினேன். "முழங்கால், உச்சி, கழுத்து, எல்லாம். நான் உதுகளைச் சேர்க்கிறனான். விமர்சனமும் சொல்லுறனான். பத்து வருசத்துக்கு மேலை."

"அப்ப சூனியக்காரி?"

"அது உதின்ரை தாய். இவ எங்கடை பிள்ளையின்ரை தாய்."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருக்கவில்லை.

பொடியனின் தாய் பாவையை வாங்கினார். காலை மடித்துப் பார்த்தார். உச்சியை விரலால் வகிர்ந்து பார்த்தார். "உண்மைதான்" என்றார். தகப்பன் உள்ளே வந்து, தவளை ராசகுமாரனின் மகளுடைய பச்சைத் தொப்பியைக் கண்ணாடிக்கு மேலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"மாஸ்டர்," என்றார் அந்த அம்மா, "ஒரு பாவைக்கு இவ்வளவு சொன்னியள், குறையும் மறைக்கேல்லை. உங்கடை மகளைப் பற்றியும் அதேமாதிரி ஒருக்காச் சொல்லுங்கோவன். கேட்டிட்டு நான் முடிவு சொல்லுறன்."

அறைக்குள் பூட்டப்பட்டதைவிட அது மோசம். வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தையல், பிளாஸ்டிக், மூட்டு. குசினி வாசலில் மகள் ஈரமுகத்தோடு நின்றாள்.

"பிள்ளைக்கு… கோவம் வரும்" என்றேன். "வந்தால் சண்டை பிடிக்காது, கதைக்காது. மூண்டு நாளைக்கு ஒரு சொல்லு வராது. நாலாம் நாள் தானே வந்து, சைக்கிளுக்குக் காத்தடிச்சு விடுங்கோ அப்பா எண்டும். சமையல் புட்டோடை சரி. போன வருசம் எனக்குக் காய்ச்சல் வந்து ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை ஏழு நாளும் கட்டிலடியிலை மர வாங்கிலை இருந்தது. பயமோ பிள்ளை எண்டு கேட்டன். இல்லையெண்டு சொல்லிப்போட்டு வெளியிலை போய் அழுதது. பொய்யும் சொல்லும் அக்கா. அதையும் குறையிலை சேருங்கோ."

கையுறையைக் கழற்றினேன். ஒரு விரல் உள்ளேயே சிக்கிக்கொண்டது.

அவர் கோலுக்குப் போய் உட்கார்ந்தார். நாங்களும் போய் இருந்தோம். மணிக்கூட்டைப் பார்த்தபடி ஐந்து பேரும் இருந்தோம். ஆறு அடித்தது. அதற்குப் பிறகும் அவர் இரண்டு நிமிடம் விட்டார்.

"வீட்டிலை பஞ்சாங்கம் இருக்கோ தங்கச்சி?" என்றார். "ஆவணியிலை நல்ல நாள் ஏதும் கிடக்கோ எண்டு பாப்பம்."

மனைவி பஞ்சாங்கம் எடுக்க ஓடினாள். தகப்பன் தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். அது ஆறி ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது.

மகள் வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். போகும்போது நின்று, "கோவக்காரி எண்டதை விட்டிருக்கலாம்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அது ஞாயிற்றுக்கிழமை. அடுத்த சொல்லுக்கு நான் புதன்வரை காத்திருந்தேன்.