இருபது நாள் கணக்கு

அரசு மருத்துவமனையில் காயச் சான்றிதழ் தட்டச்சு செய்தே பத்தொன்பது வருடம் ஓட்டியவர் அந்தக் கிளார்க். பட்டப்பெயர் ‘செக்‌ஷன்’. எலும்பு முறிந்தாலோ பல் விழுந்தாலோ கொடுங்காயம், ஏழு வருடம் வரை சிறை. வெறும் வீக்கமென்றால் சாதாரணக் காயம், பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். சட்டப் பிரிவுகள் எல்லாம் மனப்பாடம்.

அதனால்தான் தங்கையை அவள் புருஷன் கம்பால் அடித்த அன்று, அவள் அழுகையைக் கேட்பதற்கு முன் எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்தார். கீறல்கூட இல்லை. இவ்வளவு அடித்தவன் ஒரு பல்லையாவது தட்டியிருக்கக் கூடாதா என்று நினைத்தார். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை.

இன்னொரு வழி இருந்தது. அடிபட்டவர் வலியில் இருபது நாள் அன்றாட வேலை செய்ய முடியாமல் கிடந்தால் அதுவும் கொடுங்காயம். தனிக்கட்டையான செக்‌ஷன் தங்கையைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்தார்.

"ஒரு துரும்பக்கூட நகத்தாத. அவனக் கம்பி எண்ண வைக்கிறேன் பாரு."

காலண்டரில் தினமும் ஒரு நாளை அடித்தார். மாப்பிள்ளை தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான் என்று கேள்விப்பட்டபோதெல்லாம், "ஆடுடா, ஆடு" என்று பல்லைக் கடித்தார்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது, சாட்சிக் கூண்டில் ஏறிய அவரிடம் மாப்பிள்ளையின் வக்கீல் அதிகம் கேட்கவில்லை.

"அந்த இருபது நாளும் உங்க வீட்ல யார் யார் இருந்தாங்க?"

"நானும் தங்கச்சியும்தான்."

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"நானா? அடுப்புப் பக்கமே போனதில்ல."

"அப்ப யார் சமைச்சது?"

முதல் மூன்று நாள் செக்‌ஷன் ஓட்டலில் வாங்கி வந்தார். நாலாம் நாளிலிருந்து வேளாவேளைக்குத் தட்டு வந்தது, அவர் சாப்பிட்டார். துவைத்த சட்டை வந்தது, போட்டுக்கொண்டார். அதெல்லாம் வேலை என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றவில்லை.

"தங்கச்சி" என்றார்.

சாதாரணக் காயம் என்று தீர்ப்பானது. மாப்பிள்ளை அபராதத்தைக் கட்டிவிட்டு, அவரைப் பார்த்துச் சிரித்தபடி வண்டியை எடுத்தான். அந்த ஆத்திரம் தங்கை மேல் திரும்பியது.

"முடியலன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னேண்ணா. அஞ்சாம் நாளு, கையே தூக்க முடியலன்னு சொன்னேன்." அவள் அவரைப் பார்க்கவில்லை. "நீங்க, உப்பு கம்மியா இருக்குன்னு சொன்னீங்க."