மிட்சி பிறாண்டும் நேரம்

வெளிச்சம் வடியும் நேரம் வந்தால் மிட்சி எழுந்துவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மர ஆலையின் விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே பனி நீலமாகிக்கொண்டிருக்கும். மிட்சி சோபாவின் கைப்பிடிக்குப் போய், பின்னங்கால்களில் நின்று, உடம்பை நீட்டி, முன்னங்கால்களை மாற்றி மாற்றிக் கீழே இழுக்கும். எல்லாப் பூனையும் செய்வதுதான். இங்கே சத்தம் மட்டும் வராது. துணியில் ஒரு நூல் எழும்பாது.

நார்பர்ட் கோஸ்டுக் அந்த நேரத்தில் வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வார். தனியாக இருக்கும்போதும் அப்படித்தான்.

விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்குப் பகுதியில், அப்பாவும் சித்தப்பாக்களும் வேலை பார்த்த அதே ஆலையில் பதினெட்டு வயதில் சேர்ந்தவர். இருபத்தாறாவது வயதில், ஒரு ஜனவரியில், கையுறை விறைத்துப் போன காலை நேரத்தில், பலகை ஓரம் சீவும் ரம்பம் அவருடைய மூன்று விரல்களைக் கடைசிக் கணுவோடு எடுத்துக்கொண்டது. நுனிகள் கிடைக்கவில்லை. மரத்தூளோடு கொதிகலனுக்குப் போயிருக்கும் என்றார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஆலைக்குச் சூடு தந்தது அந்தக் கொதிகலன்தான். திரும்பி வேலைக்கு வந்த நார்ப், சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் நிற்காமல் தள்ளித் தள்ளியே நின்றார். யாரும் கவனிக்கவில்லை.

ஆலை ஊரில் இதற்கு ஒரு முறை உண்டு. அடிபட்டவனிடம் "வலிக்குதா?" என்று ஒரே ஒரு தடவை கேட்பார்கள். அவன் "ஒண்ணுமில்ல" என்பான். அத்தோடு பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு கேலி மட்டும்தான். நார்ப் நான்கு விரலைக் காட்டி பீர் கேட்டால், கடைக்காரர் ஒன்றை முழுசாக வைத்துவிட்டு, மற்ற மூன்றைப் பாதிப் பாதியாக ஊற்றி வைப்பார். கடையே சிரிக்கும். எல்லோரையும்விடப் பலமாக நார்ப் சிரிப்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா ரோசலி இறந்தபோது அவளுடைய சோபாவும் மிட்சியும் இந்த வீட்டுக்கு வந்தன. அந்தச் சோபாவைக் காப்பாற்றத்தான் மிட்சியின் நகங்களை ரோசலி ஆபரேஷன் செய்து, இனி முளைக்காதபடி எடுக்க வைத்திருந்தாள். சோபா இன்னும் புதுசு போலவே இருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் டுவேன் ஃபென்ஸ்கே ஒரு பூனைக்குட்டி எடுத்தான். நார்ப்போடு ஒரே ரம்பத்தில் நின்றவன். அவன் மனைவி கார்லா, நார்ப்பின் பள்ளிக்கூடத் தோழி. குட்டிக்குப் பிக்கிள் என்று பெயர் வைத்தார்கள். அதே மாதம் அவர்கள் வீட்டுக்கு ஒரு தோல் சோபாவும் வந்திருந்தது. வாழ்க்கையிலேயே அவர்கள் கடையிலிருந்து புதிதாக வாங்கிய முதல் சோபா.

வெள்ளிக்கிழமைதோறும் மதுக்கடையில் கறிக் குலுக்கல் நடக்கும். பன்றித்தொடையும் சாசேஜும்தான் பரிசு. அந்த வாரம் ஒரு மிருக மருத்துவரும் பரிசு கொடுத்திருந்தார்: ஒரு பூனைக்கு இலவச ஆபரேஷன். நார்ப்பின் எண் விழுந்தது. மிட்சிக்கு அது தேவையில்லை. குட்டிக்கு விதை எடுக்கத்தானே என்று நினைத்து அங்கேயே டுவேனிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையிலேயே டுவேன் போன் செய்தான். "பெரிய மனசுடா உனக்கு! ரெண்டும் சேத்தே பண்ணுவாங்களாம். கீழ இருக்கறதும் போயிடும், நகமும் போயிடும். திங்கக்கிழமை காலைல கொண்டு போறோம்."

நார்ப் போனை வைத்தார். குளியலறை வாசலிலிருந்து மிட்சி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மதியம், சனிக்கிழமை வழக்கம்போல், டுவேனும் கார்லாவும் சீட்டாட வந்தார்கள். பூட்ஸைக் கழற்றும் முன்பே நார்ப் ஆரம்பித்துவிட்டார்.

"டுவேன், நகத்த விட்டுடுடா. மத்தத மட்டும் பண்ணிக்கோ."

"குடுத்த பரிசுல பாதியத் திருப்பிக் கேக்கறியா? கஞ்சப்பய."

"அது நகம் வெட்டறது இல்லடா. கணுவோட எடுக்கறது." கையைத் தூக்கிக் காட்டினார். "இந்தா. இப்படி."

டுவேன் சிரித்தான். "இப்படி இருந்து உனக்கு என்னடா கொறஞ்சுபோச்சு? இந்தக் கைய வெச்சுக்கிட்டுத்தானே வாராவாரம் சீட்டுல எங்கள ஏமாத்தற? ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு ஊரெல்லாம் சொன்னவன் நீதானே?"

அது உண்மைதான்.

"மிட்சியும் நல்லாத்தானேப்பா இருக்கு?" என்றாள் கார்லா. "ரோசலி எவ்வளவு செல்லமா வளத்தா."

"மண் தொட்டியில கால் வைக்க மாட்டேங்குது கார்லா. குத்துது போல. குளியலறைக் கால்மிதியிலதான் எல்லாம் போகுது."

"அதுக்கு வயசாயிடுச்சு. என் வீட்டுலயும் ஒருத்தர் அப்படித்தான்."

"ஏய்," என்றான் டுவேன்.

சிரித்தபடி சீட்டைப் போட்டார்கள். நார்ப் சோபாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே கார்லா. நகப் பேச்சு அவ்வளவுதான் என்று டுவேன் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. திங்கட்கிழமை பனி பெய்தால் வண்டிச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட வேண்டுமா என்று பேசிக்கொண்டிருந்தான். நார்ப் இடது கையில் சீட்டுகளைப் பிடித்தபடி, இன்னும் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த யோசனையில் வலது கையை மேசைமேலேயே மறந்துவிட்டார்.

வெளியே ஆலை விளக்குகள் எரிந்தன.

கார்லா ஒரு ராணியை உருவி, போடாமல் நிறுத்தினாள். நார்ப்பின் தோளுக்குப் பின்னால் மிட்சி எழுந்து நின்று சோபாவை இழுத்துக்கொண்டிருந்தது. இடது, வலது. இடது, வலது. அறையில் சத்தமே இல்லை. காது அடைத்துக்கொண்டதோ என்று அவள் எச்சில் விழுங்கிப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தியபோது மேசைத்துணிமேல் நார்ப்பின் கையைப் பார்த்தாள். மூன்று மொட்டை விரல்களும் துணியை இழுத்துக்கொண்டிருந்தன. பூனை இழுக்கும்போது இழுத்தன. பூனை நின்றது, விரல்கள் நின்றன. பூனை மறுபடி தொடங்கியது. விரல்களும் தொடங்கின. நார்ப் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நார்ப்."

"போடும்மா, உன் ஆட்டம்தான்."

"உன் கை."

நார்ப் குனிந்து பார்த்தார். சட்டைப்பையை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. பிறகு அதைத் திரும்ப மேசைமேலேயே வைத்தார். அது தன் பாட்டுக்கு இழுக்கத் தொடங்கியது.

"பண்ணுதா அது?" என்று கேட்டார், திரும்பாமல்.

"திரும்பிப் பாக்காம உனக்கு எப்படித் தெரியும்?"

"அரிக்கும்."

"எங்க?"

"இல்லாத எடத்துல."

டுவேன் நார்ப்பின் கையையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தான். சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான். முன்பு ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று கேட்டதை இரண்டாவது தடவையாகக் கேட்டான். அந்த ஊரில் யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை.

"வலிக்குதாடா?"

"வலிக்குது," என்றார் நார்ப். "அன்னிலேந்து ஒரு நாள் விடாம. மிட்சி வந்தப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வருது. அதுக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்லல. அவ்வளவுதான்டா வித்தியாசம்."

கார்லா எழுந்து போய் சோபா அருகே மண்டியிட்டாள். மிட்சி இழுத்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. மிட்சியின் பாதத்தைத் தொடப் போனாள். அது சீறாமல், எச்சரிக்காமல், அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டு மறுபடி இழுக்கப் போனது.

"நம்ம சோபா நாசமாப் போகட்டும் டுவேன்," என்றாள் அவள், மணிக்கட்டைப் பிடித்தபடி.

"அதுக்கு இன்னும் தவணை கட்டவே ஆரம்பிக்கல," என்றான் டுவேன். "சரி. கீழ இருக்கறது மட்டும்."

திங்கட்கிழமை அப்படியே நடந்தது. டுவேன் தன் மான் வேட்டைப் பரணிலிருந்து ஒரு தேவதாருக் கட்டையை அறுத்து வந்து, கயிறு சுற்றி, தங்கள் சோபாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அடுத்த வாரம் நார்ப் அவர்கள் வீட்டுக்குப் போனபோது பிக்கிள் அதைக் கிழித்துக்கொண்டிருந்தது. தோல் சோபாவிலும் இரண்டு நீளக் கோடுகள் விழுந்திருந்தன.

"பாத்தியா உன் வேலைய?" என்றான் டுவேன்.

நார்ப் குட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கையை முழங்கால்மேல் வைத்துக் காத்திருந்தார். கர்ர், கர்ர் என்று சத்தம் வீட்டை நிறைத்தது. விரல்களில் அரிப்பு வரவே இல்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பியபோது விளக்கு நேரம் தாண்டியிருந்தது. விளக்கைப் போடுவதற்கு முன்பே அரிப்பு வந்துவிட்டது. இருட்டில் மிட்சி சோபாவருகே நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. கோட்டைக் கழற்றாமலே போய் அதன் பக்கத்தில் மண்டியிட்டார். கையை அதன் பாதங்களுக்கு இணையாகக் கைப்பிடியில் வைத்து, மிச்சமிருந்த சுண்டுவிரல் நகத்தாலும் கட்டைவிரல் நகத்தாலும் ஓங்கி இழுத்தார்.

கர்ர்.

மிட்சி நின்றது. காதுகள் இரண்டும் அவர் கைப்பக்கம் திரும்பின. அவர் மறுபடி இழுத்தார். ரோசலியின் சோபாவில் முதல் நூல் அறுந்தது. மிட்சி பாதத்தை வைத்து இழுக்கும், அவர் சத்தத்தைக் கொடுப்பார். அப்படியே இருவரும் அந்த இருட்டில் பிறாண்டிக்கொண்டிருந்தார்கள்.