கிளி போட்ட ஸ்வெட்டரின் இடது கை

நான் அந்த ஸ்வெட்டரை ஆரம்பித்தபோது நாட்டில் எமர்ஜென்சி வந்திருக்கவில்லை. பிறகு வந்தது, இருந்தது, போயும் போய்விட்டது. ஸ்வெட்டருக்கு அப்போதும் கை முளைக்கவில்லை. என்னைச் சோம்பேறி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தினமும் உட்கார்ந்தேன், தினமும் பின்னினேன். பின்னியதைவிடப் பிரித்தது அதிகம், அவ்வளவுதான்.

வாளையாருக்குத் தெற்கே, பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், வெயிலும் கடலையும் விளைகிற ஊர் எங்களுடையது. ஸ்வெட்டரை நாங்கள் சினிமாவில்தான் பார்த்திருக்கிறோம். கல்யாணமாகி உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் அங்கே சூப்பர்வைசர். காலை ஆறரைக்கெல்லாம் பெரட்டுக் களத்தில் நின்று, வேலைக்கு வந்தவர்களைப் பேர் கூப்பிட்டு, யார் எந்தப் பக்கம் போவது என்று பிரித்துவிட வேண்டும். மார்கழியில் அந்த நேரத்துக்கு அங்கே நின்றால் பல் கிட்டிப் போகும். அவருக்கோ சின்ன வயதிலிருந்தே இளைப்பு. பனி பட்டால் போதும், நெஞ்சுக்குள் பூனை கத்தும்.

“எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னோணும், சொல்லிக் குடுங்க” என்று எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸிடம் போய் நின்றேன். மலையாளப் பெண். என்னைவிட இரண்டு வயது இளையவள். ஊசியைப் பார்க்காமலே பின்னுவாள்.

“ஆத்யம் ஒரு தொப்பி செய்து பழகுங்க சேச்சி. ஸ்வெட்டர் அப்புறம் பார்க்கலாம்” என்றாள்.

நல்லதைத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்று ஏறிவிட்டது. நான் யார்? ஆறாம் வகுப்பில் தக்ளியில் நூல் நூற்று, முதல் பரிசாகச் சோப்புப் பெட்டி வாங்கியவள். தொப்பியாமே, தொப்பி! “நூலையே நான் நூத்துக்குவனுங்க. ஆட்டுக் கம்பளி எங்க ஊர்ல கெடைக்கும். நெஞ்சுக்கு நேரா கிளி வரிசை வேற போடப் போறேன், கருப்பு வெள்ளையில” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். கிளி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னதும் பூரித்துப் போனார். பூரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் பெரட்டுக் களத்தில் அத்தனை பேர் முன்னால், “எனற ஊட்டுக்காரி நூலையே கையால நூத்து, கிளி போட்டு ஸ்வெட்டர் பின்றா. வர்ற வருசம் பாருங்க” என்று டமாரம் அடித்துவிட்டார். அதற்குப் பிறகு கடை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அந்த மனுசன் எப்படிப் போய் நிற்பார்? என் வாய்க்கொழுப்பும் அவர் வாய்க்கொழுப்பும் சேர்ந்து அவர் நெஞ்சைக் கொண்டுபோய்க் குளிரில் நிறுத்தின. காதோடு சேர்த்து ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, வெறும் சட்டையோடு வேலைக்குப் போவார்.

கோடையில் எங்கள் வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவார்கள். கிடைக்காரரிடம் அப்பா கம்பளி முடி வாங்கி, அரிசிச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் போட்டு அனுப்பினார். கருப்பு ஒரு சாக்கு, வெள்ளை ஒரு சாக்கு. வெள்ளை என்றால் ஆட்டுக்கு அது வெள்ளை. பிரித்தால் பாதி முடி, பாதி புழுக்கை, மிச்சமெல்லாம் நெருஞ்சி முள். கழுவிக் கோதி எடுக்கவே இரண்டு மாதம் ஆனது. தக்ளியைச் சுழற்றினால் பஞ்சு நூலுக்குப் பழகிய என் விரல் கம்பளியிடம் தடுமாறியது. ஒரு முழம் தலைமுடிபோல் வரும், அடுத்த முழம் கிணற்றுக் கயிறாக வரும். ஆனாலும் விடவில்லை. ஆவணி முடிவதற்குள் சிட்டம் சிட்டமாக நூல் சேர்ந்துவிட்டது.

அங்கேதான் என் ஊர்ப் புத்தி வேலை செய்தது. எங்கள் பக்கத்து நெசவுக்காரத் தெருவில் கஞ்சி போடாமல் ஒரு நூலும் தறி ஏறாது. நூல் என்றால் வேகவைக்கணும், கசக்கணும், கஞ்சியில் முக்கி உதறிக் காயப்போடணும். எனக்குத் தெரிந்த நூல் அது ஒன்றுதான். நர்ஸை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானா கேட்பேன்? அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சோடா உப்புப் போட்டு, மொத்த நூலையும் உள்ளே தள்ளி, உலக்கையால் நாலு குத்துக் குத்தி, சோற்றுக் கஞ்சியையும் ஊற்றிவிட்டேன்.

அண்டாவுக்குள் கையை விட்டால் நூல் வரவில்லை, ஒரே கட்டியாக எதுவோ வந்தது. கம்பளியைக் கொதிக்கவைத்துக் கசக்கினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகிவிடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இழுத்தாலும் பிரியவில்லை. காய்ந்தபின் தட்டிப் பார்த்தால் டொக்கென்று சத்தம் வேறு. வேலையிலிருந்து வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம் அம்மிணி, இது ஸ்வெட்டரா, பிரிமணையா?”

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய், தண்ணிக் குடத்தைத் தூக்கி அதன்மேல் வைத்து, “பாரு, எத்தன கச்சிதமா உக்காருது” என்றார். ஆறுதல் சொல்கிற லட்சணம் அது. அந்த எஸ்டேட்டில் இருந்தவரைக்கும் எங்கள் குடம் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அந்த மார்கழியில் அவர் படுத்துவிட்டார். நாலு நாள் மூச்சுக்குத் திணறினார். நர்ஸ் வீட்டுக்கே வந்து ஊசி போட்டாள். கிளம்பும்போது குடத்துக்கு அடியில் இருந்ததை ஒரு தடவை பார்த்தாள். எனக்கு உயிரே போனதுபோல் ஆகிவிட்டது. “கடையில ஒண்ணு வாங்கிக்கலாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சினேன்.

“அத்தன பேருகிட்டச் சொல்லிப்போட்டேன். நீ பின்னு அம்மிணி, நான் தாங்கிக்குவேன்” என்றார் இளைத்துக்கொண்டே.

அவர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நர்ஸ் வீட்டுக்குப் போனேன். “தொப்பியிலிருந்தே ஆரம்பிக்கலாங்க” என்றேன். பாவம், சிரிக்கவில்லை. தன்னிடம் மிச்சமிருந்த நூலைக் கொடுத்துப் பழக்கினாள். அப்போது அவளும் நீல நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள், பட்டாளத்தில் இருக்கிற அண்ணனுக்கு என்று. நூலை உருண்டை சுற்றிக் கொடுத்தது நான்தான். இருபதே நாளில் முடித்துவிட்டாள். “உங்க அண்ணன் குடுத்து வெச்சவருங்க” என்றேன். “ஆமா சேச்சி” என்று குனிந்துகொண்டாள்.

அடுத்த கோடையில் அப்பா மறுபடி சாக்கு அனுப்பினார். மறுபடி புழுக்கை, மறுபடி நெருஞ்சி முள். கணக்கு நோட்டுக் கட்டத்தில் கிளியை வரைந்து வைத்துக்கொண்டு பின்ன உட்கார்ந்தேன். இரண்டு நிறத்தில் பின்னும்போது, வேலையில்லாத நிறத்து நூல் உள்பக்கம் தொங்கிக்கொண்டே வரும். அதைத் தளர்வாக விடச் சொன்னாள் நர்ஸ். எதுவும் தொளதொளவென்று தொங்குவதைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒவ்வொரு பின்னல் கண்ணுக்கும் நூலைச் சுண்டி இழுத்தேன். ஒரு சாண் முடித்துவிட்டுப் பார்த்தால், கிளி வரிசை வந்த இடம் அரைஞாண் கட்டினதுபோல் இறுகிக் கிடந்தது. குழந்தைக்குக்கூட ஏறாது. பிரித்தேன். பின்னினேன். ஒரு கட்டம் தவறி எல்லாக் கிளிக்கும் வால் மூக்கில் முளைத்தது. பிரித்தேன். ஒருவழியாகக் கிளிகள் வரிசையாக உட்கார்ந்ததும் நர்ஸிடம் காட்டினேன்.

“நல்ல கோழி சேச்சி” என்றாள் மனசாரச் சந்தோஷப்பட்டு.

ஆனால் அந்த இரண்டாவது மார்கழியில் அவர் படுக்கவில்லை. தெய்வம் கண் திறந்துவிட்டது என்று நம்பினேன். சாயங்காலம் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டேதான் வருவார். கையைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். “எங்க வரைக்கும் வந்திருக்குது?” என்று மட்டும் கேட்பார். அந்த நாட்களில் அவர் சட்டையெல்லாம் நீலமாகப் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது. போடியில் வாங்கிய நீலப் போர்வை உதிர்கிறது என்று முடிவு கட்டி, பஸ் ஏறிப் போய்க் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றேன். “ஏம்மா, நானும் முப்பது வருசமா விக்கிறேன், இந்தப் போர்வை உதிராது” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். விடுவேனா? திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

மூன்றாவது மார்கழியில், ஒரு நாள் விடியற்காலை, அவர் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் இடது கையைத் தைத்து முடித்தேன். முடிந்துவிட்டது! நம்பவே முடியவில்லை. சாயங்காலம்வரை பொறுக்குமா? மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு, தலையைக்கூட வாராமல், பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். அத்தனை பேர் முன்னால் அவருக்கு மாட்டிவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை.

களத்துக்குக் கொஞ்சம் முன்னால், காய் எடுக்க வருகிற ஓர் அம்மாள் என்னைப் பார்த்ததும் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார். “அம்மா, அங்கிட்டுப் போவாதீக. ஒரே வழுக்கலா கெடக்கு.”

“வழுக்குனா வழுக்கட்டுங்க” என்று அவரை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கழுத்துவரை நீல ஸ்வெட்டர். இளைப்பு இல்லாமல், கணீரென்று பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நீலத்தை எனக்குத் தெரியாதா? உருண்டை சுற்றியவள் நான். அண்ணனுக்கு அளவு பார்க்க வேண்டும் என்று நர்ஸ் கேட்டபோது, இவர் சட்டையை மடித்துக் கொடுத்து அனுப்பியவளும் நானேதான். என்னைப்போல ஒரு புத்திசாலி அந்த மலையிலேயே கிடையாது.

பொய் சொல்ல மாட்டேன், முதலில் கோபம்தான் வந்தது. எஸ்டேட் முழுக்கத் தெரிந்திருக்கிறது, என் ஒருத்திக்குத் தெரியவில்லை! பக்கத்தில் நின்ற அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏசிப்புடாதீகம்மா. நர்சம்மாதான் கட்டாயப்படுத்திக் குடுத்தாக. ரெண்டு வருசமாச்சு. ‘எனற ஊட்டுக்காரி பாத்தா மனசு ஒடஞ்சிருவா’ன்னு அய்யா அதைக் காய் காயப்போடுற ஸ்டோர்ல ஆணியில மாட்டிட்டுத்தான் வீட்டுக்கு வாராக. காலையில வந்து எடுத்து மாட்டிக்கிடுவாக.”

ஸ்டோரிலிருந்து எங்கள் வீட்டுக்கு மேட்டில் அரை மைல். காலையில் அரை மைல், சாயங்காலம் அரை மைல் அந்த மனுசன் வெறும் சட்டையோடு நடந்து நடுங்கியிருக்கிறார், நான் மனம் நோகக் கூடாது என்று. கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நான் வந்ததை அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க” என்று அந்த அம்மாளிடம் கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வழியில் குளிர் தாங்கவில்லை. பையிலிருந்ததை எடுத்து நானே மாட்டினேன். கை பாதியில் நின்றது, உள்பக்கம் தொங்கிய நூலில் விரல் மாட்டிக்கொண்டது. தலை கழுத்தில் நுழையவில்லை. ரோட்டோரத்தில், முகம் கம்பளிக்குள், ஒரு கை ஆகாயத்தில், எந்தப் பக்கம் வீடு என்று தெரியாமல் சுற்றினேன். ஒருவழியாகத் தலை வெளியே வந்ததும் கழுத்து அரிக்க ஆரம்பித்தது. கிடை ஆட்டு முடி, முள்ளாகக் குத்தியது. மூன்று வருடமாக மடியில் வைத்துக் கொஞ்சினேனே தவிர, ஒரு நாளாவது கழுத்தில் வைத்துப் பார்த்தேனா? இதைக் கொடுத்தால் அவர் போட்டுக்கொள்வார். அதுதான் பயமாக இருந்தது. சொறிந்துகொண்டே எல்லாரிடமும் கிளியைக் காட்டிக்கொண்டு, சாகிறவரைக்கும் போட்டுக்கொள்வார்.

வீட்டுக்கு வந்தேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து, இடது கையின் தையலை வெட்டி, நுனியைத் தேடிப் பிடித்து, முழங்கைவரை பிரித்தேன். அதுவரை பிரித்ததெல்லாம் தப்பாகப் போனதால் பிரித்தது. இதை மட்டும் வேண்டுமென்றே பிரித்தேன்.

சாயங்காலம் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டே வந்தார். “எங்க வரைக்கும் வந்திருக்குது?”

“இடது கை கோணலாப் போச்சுங்க. பிரிச்சுட்டேன். இன்னொரு வருசம் ஆகுமாட்ட இருக்குது.”

முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டார். முடியவில்லை. “அவசரமே இல்ல அம்மிணி. நீ நெதானமாவே பின்னு” என்றார்.

“இன்னொண்ணுங்க. நாளையிலிருந்து சாயங்காலம் நான் நர்ஸ் ஊட்டுல இருப்பேன், கை பின்னப் பழகோணும். நீங்க வர்றப்போ ஊட்டுல ஆளிருக்காது. காலையிலயும் நான் சமையக்கட்டுல இருப்பேன், நீங்களே கதவைச் சாத்திக்கிட்டுக் கெளம்பிக்குங்க.”

“அதுக்கென்ன, சரி, சரி” என்றார் அவசர அவசரமாக.

காப்பி டம்ளரை நீட்டினேன். வாங்கிய கை ஜில்லென்று இருந்தது. காலரில் நீலமாக ஒரு பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. போடிக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது.

“என்ன அப்பிடிப் பாக்கற?” என்றார் அவர்.

“தூசிங்க” என்று சொல்லி, அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.