ஹன்னாம்மாவ ஒளிச்சு வெச்ச பால்காரி

1. திரும்பி வந்த டீ

நான் டீ குடுத்த இத்தனை பேருல, கப்பைத் தள்ளிவிட்டது ஹன்னாம்மா ஒருத்தங்கதான். முதியோர் இல்லத்து வேலைக்குப் போற பிள்ளைங்களா, அதைக் கேட்டுக்குங்க.

மெல்பர்ன்ல யூதருங்க நடத்துற இல்லம். எனக்கு கிச்சன் வேலை. பால் பாத்திரத்துக்கு ஒரு சிங்க்கு, கறிப் பாத்திரத்துக்கு வேற சிங்க்கு; ரெண்டும் கலக்கக் கூடாதுங்கிறது அவங்க மத வழக்கம். மாத்திக் கழுவுனா சூப்பர்வைசர் சாமியாடிருவா. தங்கமானவதான், வாய்தான் ஜாஸ்தி. சரி, அத விடுங்க.

ஹன்னாம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிருச்சு. சின்னப் பிள்ளையா இருந்தப்போ அவங்க ஊருல சண்டை. யூதருங்களத் தேடித்தேடிக் கொன்னாங்க. இவங்கள ஒரு பால்காரி மாட்டுக்கொட்டாய் பரண்மேல வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க. மாட்டியிருந்தா பால்காரிக்கும் சாவுதான். எனக்கு கேக்கவே புல்லரிச்சுது! அந்தப் பால்காரி பேர்ல இல்லத்துத் தோட்டத்துல ஒரு நினைவுக் கல்லு வைக்கணும், அதக் கண்ணால பாத்துட்டுத்தான் போவணும்னு ஹன்னாம்மாவுக்கு ஆசை.

ஹன்னாம்மா பொறந்த நாட்டுத் தூதரகமே கல்லு குடுக்குதுன்னு கோட்டு போட்ட ஆபீசர் ஒருத்தர் வந்தாரு. கல்லுல வரப்போறதைப் படிச்சுக் காட்டுனாரு: "யூதர்களைக் காப்பாற்றிய எங்கள் நாட்டு மக்கள் நினைவாக." நான்தான் பலமா கை தட்டுனேன்.

அவர் போனதும் டீ கொண்டுபோயி, "தே வெரி குட் ஹன்னாம்மா! தே சேவ் யூ!"ன்னேன். பால்காரியத்தான் மரியாதையா சொன்னேன். நம்ம பேச்சுல ஒருத்தரா இருந்தாலும் அவங்க, ஊரேயா இருந்தாலும் அவங்க. இங்கிலீஷ்ல அப்படி இல்லையாம்.

தள்ளிவிட்ட கப்பு என் பக்கமே திரும்பி வந்துச்சு. "நோ தே, லக்கி! ஷீ! ஒன்!"னு ஒத்தை விரலை என் மூக்குக்கு நேரா நீட்டுனாங்க. லட்சுமிங்கிறது அவங்க வாயில வராது, நான் லக்கி.

2. முந்தானை

அப்புறந்தான் சொன்னாங்க. அந்த ஊர்க்காரங்களேதான் ஹன்னாம்மா வீட்டைச் சிப்பாய்ங்களுக்குக் காட்டிக் குடுத்தாங்களாம். அம்மா போயிட்டாங்க, தம்பி போயிட்டான். சண்டை முடிஞ்சும், யூதப் பிள்ளைய ஒளிச்சு வெச்சவன்னு பால்காரிய ஊரு சேத்துக்கல, பால் வாங்க ஆளில்ல. இப்ப நாடே அந்தப் பொம்பள முந்தானைக்குள்ள ஒளியப் பாக்குது, அதான் அவங்க சொன்னதுக்கு அர்த்தம்.

ஆபீசர் மறுபடி வந்தப்போ ஹன்னாம்மா, "மக்களை எடு. அவ பேரைப் போடு"ன்னாங்க.

"மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க மேடம். இது வேணாம்னா கல்லே கிடையாது."

எங்க மேனேஜர் குனிஞ்சு, "கிடைக்கிறத வாங்கிக்குங்களேன் ஹன்னா. உங்க வயசுக்கு இன்னொரு கல்லு எப்ப வரும்?"னு கெஞ்சுனாரு.

"வேணாம். அந்தக் கல்லே வேணாம்னு சொல்லிரு."

எவ்வளவு ஆசைப்பட்ட கல்லு! ஒரு நாட்டையே வேணாம்னு சொல்ற ஆள நான் பாத்ததே இல்ல.

கல்லு வைக்க இருந்த எடத்துக்கு வீல்சேரத் தள்ளச் சொன்னாங்க. அங்க வெச்சுப் பால்காரி பேரச் சொல்லிக் குடுத்தாங்க. "சொல்லு லக்கி, ஸ்டெஃபா."

"இஸ்டெப்பா."

"நோ! ஸ்டெஃபா."

விடவே இல்ல. ஒருவழியா சரியா வந்ததும் மூஞ்சியெல்லாம் சிரிப்பு!

ஹன்னாம்மா இப்ப இல்ல. கல்லும் வரல. நான் கத்துக்கிட்டது இதுதான்: ஒருத்தர் உசுரப் பணயம் வெச்சுக் காப்பாத்துனா, அவங்க நாட்டைப் புகழாதீங்க. அந்த ஆளு பேரைக் கேட்டு வெச்சுக்குங்க. அந்தக் கல்லு வந்திருந்தா, எழுத்துத் தெரியாத நான் தினமும் அதத் தாண்டித்தான் போயிருப்பேன். பேரு இப்ப என் வாயிலயே இருக்கு.