கலா பாதி, வாசு பாதி

போன மாதம் என் தங்கை கலாவும் அவள் கணவர் வாசுவும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சலூன் திறந்தார்கள். பெயர்? கலாவில் பாதி, வாசுவில் பாதி – 'கல்வா'!

"இங்கிலீஷ்ல 'கே' போட்டா பழசுண்ணே. 'சி' போட்டாதான் ஐரோப்பா லுக்" என்றாள் கலா. எத்தனையோ வருஷம் அடுத்தவர் கடையில் முடி வெட்டிய பிறகு அவளுக்கென்று அமைந்த கடை. நானும் கைதட்டினேன்.

திறப்பு விழாவன்று ஸ்பெயின்காரச் சுற்றுலாப் பயணிகள் சிலர் போர்டின் கீழே நின்று மாறி மாறிப் படம் எடுத்தார்கள். வாசுவையும் இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். வாசுவுக்குத் தலையில் முடி கிடையாது. சிரித்துச் சிரித்து அவர்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"பார்த்தீங்களா மச்சான், இப்பவே இன்டர்நேஷனல் லா!" என்றார் வாசு.

அப்போதுதான் பிலோமினா ஆன்டி டை அடிக்க வந்தார். ரிட்டையரான பிரெஞ்சு டீச்சர். சர்ச்சில் லத்தீன் பாட்டெல்லாம் பாடுவார். போர்டைப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருமா இந்தப் பேரு வச்சது? கல்வான்னா லத்தீன்ல மொட்டை மண்டை! கல்வாரி மலைன்னு சொல்றோம்ல... மண்டையோட்டு மலை. அதே வேர்தான். ஸ்பெயின்ல இன்னிக்கும் வழுக்கைக்கு அதான் பேரு!"

சலூனுக்கு மொட்டை என்று பெயர் வைத்தால் யார் தலையைக் கொடுப்பார்கள்? கலா அழ ஆரம்பித்துவிட்டாள்.

வாசு அசரவில்லை. "திருப்பிப் போடுவோம். வாசு முன்னால, கலா பின்னால. வாகா! அதே 'சி'தான்."

"உங்க பேரு முன்னால வரணும்... அதானே?" – அழுகைக்கு நடுவிலும் கலா முறைத்தாள்.

ஆன்டி நெற்றியில் கை வைத்தார். "ஐயோ, அது பசு மாடு! லத்தீன்ல வாக்கா, ஸ்பானிஷ்ல வாகா, பிரெஞ்சுல வாஷ். வேக்சின்ங்கிற வார்த்தையே அந்த மாட்டுல இருந்து வந்ததுதான்."

கலா மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தாள்.

"பசுவா? பசு லட்சுமிண்ணே! மாத்துங்க போர்டை."

லத்தீன் செத்துப்போன மொழி என்கிறார்கள். செத்தவர் இப்படியா கடை கடையாக ஏறி இறங்குவார்?

புதுப் போர்டு மாட்டிய அன்று முதல் ஆளாக ஒரு மலாய்க்கார அம்மா வந்தார். மலாயில் 'சி' எழுத்துக்குச் 'ச்ச' என்றுதான் ஒலி. வாகா அவருக்கு 'வாச்சா' ஆகிவிட்டது. அதுவும் 'பாச்சா' மாதிரியே பட்டிருக்கிறது. மலாயில் 'பாச்சா' என்றால்... படிப்பது!

"மகனுக்கு நாலாம் வகுப்புப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டார்.

இப்போது சலூன் மூலையில் ஒரு புத்தக அலமாரி. போன சனிக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போனேன்.

"கொஞ்சம் உட்காருங்கண்ணே" என்றாள் கலா. "சயின்ஸ் புக் கேட்டு ஆளுங்க நிக்கிறாங்க."