அப்பாவின் கடைசி பில்

"மேடம்… கேக்கதுக்கே கூச்சமா இருக்கு. பதினாறு கழியட்டும்னுதான் நானும் வாயத் தொறக்கல."

போனில் இப்படி ஒருவர் ஆரம்பித்தால், மேலே என்ன சொல்லப்போகிறார் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். பேசியவர் சுடலை அண்ணாச்சி. குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கும் முதியோர் இல்லத்தின் மேனேஜர். அப்பா கடைசி சில வருடங்கள் அங்கேதான் இருந்தார். போன மாதம் தென்காசி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

ஃபீஸ் பாக்கி இருந்தது எனக்குத் தெரியாது. அப்பா தன் பென்ஷனிலிருந்து தானே செக் எழுதிக் கொடுப்பார். மகள் காசில் சாப்பிடுவதில்லை என்பது அவர் கொள்கை. கை நடுக்கம் வந்த பிறகு, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்க்கில் செக்கைத் திருப்பிவிட்டார்கள். அண்ணாச்சி போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

"எம்மவகிட்ட மூச்சு விடப்புடாது. கை சரியாவட்டும், எழுதித் தாரேன்னு சொல்லிட்டாவ மேடம்."

ரிட்டயர்ட் போலீஸ் ஏட்டையா சொன்னால் யார் மறுப்பது? கை கடைசிவரை சரியாகவில்லை.

சென்னையில் ஆடிட்டர் ஆபீசில் இருக்கும் என் தோழியிடம் சொன்னேன். அவளுக்கு எதிலும் சட்டம்தான் முதலில். "அப்பா அக்கவுண்ட்ல பணம் இருக்குல்ல? வாரிசு சர்டிஃபிகேட் வரட்டும். அதுல இருந்து கொடு. இப்ப உன் கையில இருந்து ஏன் கொடுக்கணும்?"

கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"சரி, அப்ப ஜிபே பண்ணிட்டு வேலையப் பாரு. இதுக்கு எதுக்கு ரயில்ல டிக்கெட் போடுறே?"

"நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம்" என்றேன். பொய். அண்ணாச்சி அப்படி எதுவும் சொல்லவில்லை. ஜிபே நம்பரை அவரே மரியாதையாக அனுப்பியிருந்தார்.

பிறகு ஏன் போனேன்? உங்களிடம் சொல்வதற்கென்ன… நான் ஒற்றைப் பிள்ளை. அம்மா போய் ரொம்ப நாளாகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தென்காசி வீட்டை அப்பா இல்லத்துக்குப் போகும்போதே விற்றாயிற்று. அந்த ஊருக்கும் எனக்கும் மிச்சமிருந்தது இந்த பாக்கி ஒன்றுதான். அதையும் கட்டிவிட்டால், "உங்கப்பா…" என்று ஆரம்பித்து என்னிடம் பேசுவதற்கு உலகத்தில் ஒருவர்கூட இருக்கப்போவதில்லை. போனில் ஒரு பட்டனைத் தட்டி அதை முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை.

சென்னையில் யாரும் துக்கம் விசாரிக்கவில்லையா? விசாரித்தார்கள். வாட்ஸ்அப்பில் கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்தன. ஆபீசில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி — "என்ன வயசு?" எண்பதைத் தாண்டியவர் என்றதும் அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. "நல்ல சாவு" என்று சொல்லிவிட்டு சீட்டுக்குப் போய்விட்டார்கள். எண்பது வயதுக்காரர் செத்தால் மகளுக்கு வலிக்கக் கூடாது என்று எப்போது சட்டம் போட்டார்கள்?

இப்போது குற்றாலத்தில் சீசன். தென்காசி ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டம் கூட்டமாக ஆட்கள், தோளில் துண்டு, கையில் எண்ணெய் பாட்டில். ஷேர் ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் என்னைப் பார்த்து, "மெயினருவியா, ஐந்தருவியாக்கா?" என்றார். இல்லத்தின் பெயரைச் சொன்னேன். அவர் முன்னால் திரும்பி, பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். பக்கத்தில் இருந்த பிள்ளைகளின் கும்மாளம்கூடக் கொஞ்சம் அடங்கியது. சாரல் முகத்தில் அடித்தது. இவ்வளவு சந்தோஷமான ஒரு வண்டியில் இவ்வளவு தனியாக நான் அதற்கு முன்னால் உட்கார்ந்ததில்லை.

இல்லத்தின் கேட்டுக்குப் பக்கத்தில் அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலி அப்படியே கிடந்தது.

அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா புளியறை செக்போஸ்ட்டில் ரொம்ப காலம் வேலை பார்த்தவர். கேரளாவுக்குப் போகிற லாரியை நிறுத்தி நிறுத்திப் பழகிய கை. இல்லத்துக்கு வந்த பிறகும் விடவில்லை. காலையில் சவரம் செய்து, சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். பால் வண்டி வந்தாலும் கேள்விதான் — "எங்கேருந்து வருது? என்ன லோடு?" பார்க்க வந்த டாக்டரையே ஒரு தடவை டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னாராம். நான் போனாலும் பையைப் பார்க்காமல் உள்ளே விட்டதில்லை. திரும்பும்போது அந்த நாற்காலி அருகில் நின்று, "வாரேம்ப்பா" என்பேன். "ம்… வண்டி போலாம்" என்று கையைக் காட்டுவார்.

அண்ணாச்சி பில்லை எடுத்து வைத்தார். ரூம், சாப்பாடு, அட்டெண்டர், மருந்து. கடைசியில் 'வெந்நீர் — தனி' என்று ஒன்று. குற்றாலத்தில் குடியிருந்துகொண்டு வெந்நீருக்குத் தனியாகக் காசு கொடுத்தவர் என் அப்பாவாகத்தான் இருக்கும்.

"அத வேணா விட்டுருவோம் மேடம்."

"வேண்டாம் அண்ணாச்சி. குளிச்சது அவர்தானே?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். பணத்தைக் கட்டினேன். ரசீதில் 'கணக்கு முடிந்தது' என்று எழுதி சீல் வைத்துக் கொடுத்தார். அந்த வரியைப் படித்ததும் எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் ராஜாமணி சார், அச்சன்புதூரில் உரக்கடை வைத்திருந்தவர், அப்பாவின் ரூம்மேட். இன்னொருவர் கடையத்தைச் சேர்ந்த ஞானத்தாய். அப்பாவோடு டிவி ரிமோட்டுக்காக தினமும் சண்டை போட்ட அம்மா.

ராஜாமணி சார் துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு கையையும் நீட்டி என் கையைத் தொட்டார். ஒன்றும் பேசாமல் எதிரே உட்கார்ந்தார்.

எங்கள் பக்கத்தில் இதற்குத் துட்டி கேட்பது என்று பெயர். சாவு வீட்டுக்குப் போய், இப்படிக் கை தொட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டதால், இவர்களை யாரும் அழைத்து வரவில்லை. இவர்கள் துட்டி கேட்பதற்கு ஒரு வீடும் இருக்கவில்லை. நான் வருகிறேன் என்று அண்ணாச்சி சொன்னதிலிருந்து காத்திருந்திருக்கிறார்கள்.

ஞானத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பன் போனதுலருந்து கேட்டுல நாதியில்ல மக்ளே. நேத்து ஒரு மாடு உள்ள வந்து, காயப்போட்ட சேலையத் திங்குது. எங்கேருந்து வருதுன்னு கேக்க ஆளில்ல. ரிமோட்டு எங்கிட்டத்தான் இருக்கு. வச்சுக்கிட்டு என்ன செய்ய? புடுங்குததுக்கு ஆளு வேண்டாமா?"

நான் அழுதேன். அப்பா போன பிறகு அன்றுதான் முதல் தடவை. என்ன வயசு என்று அவர்கள் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ராஜாமணி சார் எழுந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் போனார். பிறகு ஞானத்தாயும் அப்படியே. அதுதான் முறை. துட்டி கேட்கப் போன இடத்தில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. அந்த வீட்டுக்குத் திரும்ப இப்படி ஒரு காரியமாக வரவேண்டாம் என்பதற்காக. முறை தெரிந்தும், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சாரல் நின்றிருந்தது. கேட் பக்கத்தில் நாற்காலி. கால் தானாக நின்றது. வாயும் பழக்கதோஷத்தில் தானாகத் திறந்தது.

"வாரேம்ப்பா."

"ஏட்டி" என்று பின்னாலிருந்து குரல். வராண்டாவில் தூணைப் பிடித்துக்கொண்டு ஞானத்தாய். "துட்டிக்கு வந்த எடத்துல சொல்லிக்கிட்டுப் போவாவளா?"

துட்டி கேட்டது நீங்கள்தானே, நானா துட்டிக்கு வந்தேன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அப்பா வாழ்ந்த வீடு அதுதானே? அப்பாவை தினமும் பார்த்தவர்கள் அவர்கள்தானே? சாவு அவர்கள் வீட்டில்தான் நடந்திருக்கிறது. துட்டி கேட்கப் போனவள் நான். போன இடத்தில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டு முழித்துக்கொண்டு நின்றேன்.

"தெரியாம வாயில வந்துட்டு" என்றேன்.

"வந்தது வந்துட்டு. சொன்னா சொன்னதுதான். இனி நீ வராம இருக்கப்புடாது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சென்னைக்குத் திரும்பியதும் அடுத்த மாதத்துக்குத் தென்காசி டிக்கெட் போட்டேன். தோழி விடுவாளா? "கணக்குத்தான் முடிஞ்சுதே, இன்னும் என்ன கையெழுத்து?" என்றாள்.

கையெழுத்து இல்லை. ரிமோட்டைப் பிடுங்க ஆள் வேண்டுமாம்.