ஆரஞ்சு நிறக் கண்ணீர்

இருமல் தொடங்கியபோது நான் தேயிலைத் தூசியைத்தான் திட்டினேன். தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலை. தூசியும் மலைக்குளிரும் சேர்ந்தால் யாருக்குத்தான் இருமல் வராது? பிறகு மாலைக் காய்ச்சல் வந்தது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஒரு நாள் சளியில் இரத்தம் கண்டதும் டவுன் கிளினிக்குக்கு ஓடினேன்.

நுரையீரல் காசநோய் (காற்றில் பரவி நெஞ்சை அரிக்கும் கிருமி நோய்) என்றார் டாக்டர். "ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாளும் விடக்கூடாது. நீங்க முழுங்குறத தெனமும் ஒருத்தர் நின்னு பாக்கணும்."

யார் பார்ப்பது? என் கணவர் பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறார்; வாரத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. எங்கள் லயன் வீட்டு வரிசையில் சிலர் என் வாசலைக் கடக்கும்போது மூக்கைப் பொத்தினார்கள். குறை சொல்ல மாட்டேன், நானும் பொத்தியிருப்பேன். தானாக வந்து நின்றவர் செல்வி அக்கா மட்டுமே.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், கொழுந்து வெட்டுபவர், என் மாணவி. எங்கள் எஸ்டேட் சபையில் சீஷத்துவ வகுப்பு (இயேசுவைப் பின்பற்றி வாழக் கற்கும் வகுப்பு) நடத்துபவள் நான். பள்ளிக்கூடமே போகாத அக்காவுக்கு அங்கேதான் எழுத்துக் கற்றுக்கொடுத்தேன். முதன்முதலாகத் தன் பெயரை எழுதிய தாளை அவர் சபை முழுக்கக் காட்டித் திரிந்தார். இப்போது அதே பெயரை என் மருந்து அட்டையில் நாளுக்கொரு கட்டத்தில் எழுதினார்.

இந்த மருந்தைத் தொடங்கியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாத்திரை சிறுநீரையும் வியர்வையையும் கண்ணீரையும்கூட ஆரஞ்சு நிறமாக்கும். பயப்படாதீர்கள். என் கைக்குட்டைக் கறையைப் பார்த்து அக்கா கேட்டார்: "என்னா டீச்சர், கேரட் ஜூஸ் அழுவுறீங்களா?"

இரண்டாம் மாத முடிவில் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. இன்னும் நான்கு மாதம் மருந்து உண்டு என்று டாக்டர் சொன்னது என் காதில் ஏறவில்லை. ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது, இனி எதற்கு இந்தக் குமட்டல் என்று நினைத்தேன். காலையில் அக்காவுக்கு வேலை லோரியைப் பிடிக்கும் அவசரம். "நீங்க போங்கக்கா, கஞ்சி குடிச்சிட்டுப் போட்டுக்கிறேன்" என்றேன். டீச்சர் பொய் சொல்வார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னேன். தேவன் என்னைச் சுகமாக்கினார் என்று தேம்பித் தேம்பி அழுதேன். சபையே ஸ்தோத்திரம் சொன்னது.

மதியம் அக்கா என் வாசலில் நின்றார். "கைக்குட்டைய குடுங்க டீச்சர்."

வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். "வெள்ளையா இருக்கு. எத்தன நாளா?"

"நாலு நாள்."

அவர் சத்தம் போடவில்லை. "நாலு நாளும் நான் பேரு எழுதியிருக்கேன். நீங்க சொல்லிக்குடுத்த எழுத்து. அத வச்சே என்னைய பொய் சொல்ல வச்சிட்டீங்களே."

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. மறுநாள் அக்கா வேலைக்கு லீவு போட்டு என்னைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனார். "இன்னும் நாள் போயிருந்தா மருந்துக்கு அடங்காத கிருமியா மாறியிருக்கும்" என்று டாக்டர் கடிந்துகொண்டு, விட்ட நான்கு நாட்களைக் கடைசியில் சேர்த்தார். அந்த நான்கு கட்டங்களையும் அக்காவே அடித்தார்.

அன்றிலிருந்து தினமும் ஒரே பாட்டுத்தான். "வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க. ம்ம், சரி." அடுத்த வகுப்பில் நடந்ததையெல்லாம் சொன்னேன். முதல்முறையாக யாரும் தூங்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர், தான் சர்க்கரை மாத்திரையைக் குப்பையில் போடுவதாக ஒப்புக்கொண்டார். அதுவரை நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எல்லோரும் சீஷர்களானது அன்றைக்குத்தான், நானும் சேர்த்து.

ஆறு மாதமும் நான்கு நாளும் முடிந்தன. எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. தொழிற்சாலை மேட்டை இப்போது நிற்காமல் ஏறுகிறேன். மூச்சு உள்ளே போவதும் வருவதும் எனக்குத் தெரிகிறது. மாதம், வருடம் என்று கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன். ஒரு நாள் என்பது ஒரு கட்டம், யாரோ ஒருவர் பார்க்க வாழ்ந்து முடிப்பது. காலையில் அக்காவும் நானும் இதே மாத்திரை சாப்பிடும் வேறு இரண்டு பேர் வீட்டுக்குப் போய் வாயைத் திறக்கச் சொல்கிறோம்.

மருந்து நின்று ஒரு மாதம் கழித்து மறுபடி சாட்சி சொன்னேன். மறுபடியும் அழுதேன். உட்கார்ந்ததும் அக்கா கையை நீட்டினார். கைக்குட்டையைக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், சுத்த வெள்ளை.

"இப்ப சரி லா டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அதிலேயே தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.